பனிமூட்டத்துக்குக் கழிவு

மலை தெரிகிற ஜன்னல் என்று
இரண்டு இலட்சம் கூட்டிச் சொல்லியிருந்தார்
தரகர் பாரூக் நானா.
ரத்னசிறி மாத்தயா வீடு பார்க்க வந்த மூன்று நாளும்
டிக்கோயாவில் பனிமூட்டம்.
திரையை விலக்கிவிட்டு நின்றோம்.
நனைத்த வேட்டியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தது போல்
வெள்ளை, வேறொன்றுமில்லை.
"கோ கந்த?" என்றார்.
மலை பின்னால்தான் இருக்கிறது என்றேன்.
சிரித்தார்.
சிரித்தபடியே இரண்டு இலட்சத்தைக் குறைத்தார்.
முப்பத்தெட்டுக்கு முடிந்தது.

ஆறு பேர்ச் காணி.
ஏழு வருடம் குவைத்தில்
அடுத்தவர் குளியலறை தேய்த்த காசு, அத்திவாரம்.
கூரைக்கு வங்கி.
கூரை இருக்கிற தைரியத்தில் மோகனதாசின் ஆட்டோவுக்கு லீசிங்.
லீசிங் தவணைக்கு நகை.
நகையின் வட்டிக்குச் செவ்வாய்க்கிழமைக் குழுக்கடன்.
ஒரு கடன் இன்னொன்றுக்குப் பெண் கொடுத்துச்
சம்பந்தியாகிக்கொண்டே போனது.
விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும்
எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள்.

குழுவில் ஐந்து பேர்.
லோகேஸ்வரி இரவோடிரவாகக் கொழும்புக்குப் போன வாரம்
அவள் தவணையையும் நாங்கள் நால்வர் கட்டினோம்.
கட்டிவிட்டு அவளைத் திட்டவில்லை.
பஸ் காசு எங்கே கிடைத்திருக்கும்
என்றுதான் பேசிக்கொண்டோம்.

விற்கலாம் என்று சொன்னது நான்.
சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.
"லயத்திலிருந்து ஏறி வந்தோம், மறுபடி இறங்குவதா?"
நாம் இறங்கவில்லை, சுமையை இறக்குகிறோம் என்றேன்.
வாயில் அழகாகத்தான் வந்தது.
ராத்திரி எனக்கே நம்பிக்கையில்லை.
கரண்ட் பில்லின் பின்புறத்தில் கூட்டினேன்.
கடைக் கொப்பியில் ஏறிய பருப்பு, சோப்பு,
மறுபடி பருப்பு உட்பட
முப்பத்திரண்டு இலட்சத்து நாற்பதாயிரம்.
கீழிருந்து மேலே கூட்டினாலும் அதேதான்.

நொத்தாரிஸ் கந்தோரில் உறுதியை வாசித்தார்கள்.
வடக்கே கான்.
தெற்கே பாதை.
கிழக்கே சவரிமுத்துவின் காணி.
மேற்கே தேயிலை.
நடுவில் இருந்த எங்களைப் பற்றி
ஒரு சொல் இல்லை.
முதலில் சுருக்கென்றது.
பிறகு தோன்றியது, அதுவும் சரிதான்,
விலைப்பட்ட பொருளில் நாங்கள் சேரவில்லை.
அவர் பேனை எழுத மறுத்தது, இரண்டு தரம் உதறினார்.
மாத்தயா தன்னுடையதை நீட்டினார்.

வங்கி, லீசிங், அடகுக்கடை,
ஒரே பகலில், ஒரே குடையில்.
காகித உறையைக் கவிழ்த்துத்
தாலிக்கொடியை மேசையில் கொட்டினான் பையன்.
அங்கேயே போட்டுக்கொள்ள வெட்கம்.
படியிறங்கிப் பேக்கரி ஓரமாய் நின்றேன்.
ஈர விரலால் கொக்கியைத் தேடித் தடுமாறினார்,
கல்யாணத்தன்றும் இப்படித்தான் தடுமாறினார்.
மிச்சம் ஐந்து இலட்சத்து அறுபது.
இரண்டு ரோல்ஸ், இரண்டு பிளேன்டீ,
விலை கேட்காமல்.

இப்போது ஹட்டனில்
தையல்கடைக்கு மேலே இரண்டு அறை.
வாடகை பதினெட்டாயிரம்.
ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர்,
அதில் பால்மா விளம்பரத்தின் பாதிக் குழந்தை.
பனிமூட்டத்தில் அதுவும் மறைந்துபோகும்,
எனக்கு நட்டமில்லை.

செவ்வாய்க்கிழமை.
ரொட்டிக்கு மாவு பிசைகிறேன்.
கதவு தட்டுகிற சத்தம்.
டிலுக்ஷனுக்கு ஆறு வயது.
கார் பொம்மையை வைத்துவிட்டு எழுந்துபோய்
கதவிடுக்கில் வாயை வைத்து
நான் பழக்கியிருந்த அதே குரலில்
"அம்மா வீட்டில இல்ல" என்றான்.
அதற்குள் நானும்
அலுமாரிக்குப் பின்னால் போயிருந்தேன்.

வெளியே தையல்கடைப் பெண்.
"கரண்ட் போயிட்டுது, மெழுகுதிரி இருக்கா?"

மாவுக் கையோடு கொண்டியை நீக்கினேன்.
மகன் என்னையே பார்த்தான்.
"இருக்கேன்" என்றேன்.
மெழுகுதிரி இரண்டு இருந்தன.
பெரியதைக் கொடுத்தேன்.